மார்பகப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனைகளை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற மகளிர் சங்கம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மார்பகப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனை விற்பனையை முறைப்படுத்தவும், அரசின் மார்பகப் பரிசோதனையை வலுப்படுத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் குளோபோகான் என்னும் உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவர மதிப்பீடு கூறுகிறது. நோய் முற்றிய பிறகு சிகிச்சைக்கு வருவது இந்த இறப்புகளுக்கு முக்கியக் காரணம். இந்நிலையில், தனியார் ஆய்வகங்கள் சில சிஏ 15-3 என்னும் இரத்தப் பரிசோதனையை ‘மார்பகப் புற்றுநோய் செக்கப்’ என்று பேக்கேஜில் சேர்த்து விற்கின்றன.

பரவிய நோய்க்குத் தரப்படும் சிகிச்சை பலனளிக்கிறதா என்று பார்க்கவே சிஏ 15-3 பயன்படுகிறது. ஆரம்ப நிலையில் பெரும்பாலானோருக்கு அதன் அளவு உயர்வதில்லை. கல்லீரல் நோய் இருந்தால் புற்றுநோய் இல்லாமலே உயரக்கூடும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தது. சிஏ 15-3 ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றிருந்ததை நம்பி அவர் யாரிடமும் காட்டவில்லை. பிறகு மருத்துவர் கைவைத்துப் பார்த்தபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

இரத்தத்தில் புற்றுநோய் செல்களையும் டிஎன்ஏ துணுக்குகளையும் தேடும் புதிய பரிசோதனைகளை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அவை மார்பகப் புற்றுநோய் இறப்பைக் குறைக்கும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. கையால் செய்யும் பரிசோதனைக்கோ சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களின் பரிசோதனையால் 50 வயதைக் கடந்தோரிடம் இந்நோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

எனவே நாங்கள் கோருவது:

1. அறிகுறியற்ற பெண்களிடம் சிஏ 15-3-ஐப் புற்றுநோய் செக்கப்பாக விளம்பரம் செய்வதற்கும் விற்பதற்கும் தடை விதிக்க வேண்டும்.

2. ‘முடிவு நார்மல் என்றாலும் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று ரிப்போர்ட்டிலேயே தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும்.

3. ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் மறைவான அறையில், பயிற்சி பெற்ற பெண் பணியாளரைக் கொண்டு, 30 வயது நிரம்பிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும். கட்டி தென்பட்டால் இரு வாரங்களுக்குள் மேமோகிராம் அல்லது ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

4. புதிய இரத்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரிகளில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பெண்களிடம் பணம் வாங்காமல் ஆய்வுக்கு உட்படுத்தி, முடிவுகளை வெளியிட வேண்டும்.

5. தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், அந்தப் பெண்களுக்கு பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஆய்வகங்களுக்கு ஓர் அரசு உத்தரவு போதும். அவற்றை உடனே நிறைவேற்றி, மற்றவை மீதான நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.