எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்



போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா இருந்த வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அவருடைய டூல்ஸ் பெட்டியைக் காணோம். கேட்டேன். "பழைய இரும்புக்காரர் வந்தாருங்க சித்தப்பா, எடைக்குப் போட்டுட்டோம்" என்றான் அண்ணன் மகன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன பெட்டி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

பெரியப்பா சூலூர் விமானப்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். வேலை முடிந்ததும் எல்லா ஸ்பேனரையும் எண்ணிப் பார்ப்பார்களாம். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாதாம். திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் எத்தனையோ இரவு சொன்னார். "வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க" என்று 32 வருஷம் உங்களிடம் சொன்ன சரித்திர வாத்தியார், தன் பெரியப்பா சொன்னதில் ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

சூலூர் சாதாரண இடமல்ல. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, 1942 ஆகஸ்ட் 26 அன்று, சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அந்த விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். இன்று அதே மண்ணிலிருந்து தேஜஸ் பறக்கிறது. அன்று தீ வைத்த ஊர்களிலிருந்தே பின்னாளில் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள். இந்த இரண்டு கதையும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உடைந்து கிடப்பதெல்லாம் குப்பையுமல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, இனிப் பறக்க முடியாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். விமானங்களின் சுடுகாடு என்றே சொல்லலாம். நம் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அங்கே போய், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பூட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். 1948-ல் ஜிம்மி முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுவதும் சீரான பிறகு 1968 வரை நம் விமானப்படையில் இருந்தன. ஒன்று இன்றும் டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இங்கிலாந்து, அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் இங்கிருந்து போனவை நிற்கின்றன.

விக்ராந்த் கப்பலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. 1971 போரில் பெயர் வாங்கியது. 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் 2012 வரை அருங்காட்சியகமாக நின்று, 2014-ல் உடைபட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகவும் வந்தது.

எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்ற யாரிடம் பணமிருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். துருப்பிடித்த கப்பலுக்கு ஆகும் செலவு சின்னதல்ல. ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் அதில் வேலை செய்தவரின் பேச்சைப் பதிந்து வைக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

போர் விமானமும் கப்பலும் மட்டுமல்ல. அம்மா பிறந்த ஊர் பவானிக்கு வடக்கே, காவிரிக் கரை. அக்கரைக்குப் பரிசலில்தான் போவோம். மூங்கில் பிளாச்சில் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்கள். பாலம் வந்ததும் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தே மக்கிப்போயின. சுழல் எங்கே, ஆழம் எங்கே என்பது பரிசல்காரருக்குத்தான் தெரியும். அதுவும் அவரோடு போய்விட்டது.

என் கருத்து இதுதான். ஆற்றங்கரைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு பரிசலாவது தொங்கட்டும். சூலூரில் வேலை பார்த்த அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை ஆன் பண்ணுங்கள். என்ன வேலை, யார் கற்றுக்கொடுத்தது, எந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள். எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இந்த வீட்டுப்பாடத்தில் நானும் பாக்கி வைத்திருக்கிறேன் கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்