பேண்டேஜ் நெய்யும் ஊரில் மறைக்கப்படும் புண்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறியோசை கேளாத தெரு அரிது. அங்கு நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. கடல் கடந்தும் செல்கின்றது. முகமறியா மாந்தரின் காயங்களுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் பெருமை நம் பகுதிக்கு உண்டு. ஆனால், நம் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் நாம் செய்வதென்ன? கதவைச் சாத்துகின்றோம். குரலைத் தாழ்த்துகின்றோம். நோயின் பெயரை மாற்றிவிடுகின்றோம். துணியால் மூடிய புண் ஆறும். பொய்யால் மூடிய புண் புரையோடும். இதைச் சொல்வதற்காகவே எழுதுகின்றோம். சிலருக்கு இது கசக்கலாம். கசந்தாலும் சொல்லாமலிருக்க எங்களால் இயலவில்லை.

நாங்கள் நால்வர். இராஜபாளையத்தார் இருவர், ஸ்ரீவில்லிபுத்தூரார் ஒருவர், சத்திரப்பட்டித் தறிக்கூடத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவர். மதுரையில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது சந்தித்தோம். "அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்?" என்ற ஒரு கேள்வியில் தொடங்கிய பழக்கம் அது. நால்வருக்கும் நோய் ஒன்றே: சிறுநீர்ப்பையில் புற்றுநோய். நால்வர் வீட்டிலும் பேச்சு ஒன்றே: "வெளியில் சொல்லாதீர்கள்."

எங்களுள் மூத்தவர் நூற்பாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். ஒரு காலையில் அவருடைய சிறுநீர் சிவந்து வந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. வலியின்றி வந்து தானே நின்றுவிடுவதுதான் இந்நோயின் வஞ்சகம். "சூடு" என்று இளநீர் குடித்தார். மாதங்கள் சென்று மீண்டும் இரத்தம் வந்தபோது பிள்ளைகள் மதுரைக்கு அழைத்துச் சென்றனர். சிறுநீர்ப் பாதை வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தனர். திசுச் சோதனையின் முடிவு பிள்ளைகளுக்குத் தெரியும், தந்தைக்குத் தெரியாது. "கல்லை எடுத்துவிட்டார்கள் அப்பா, இனிப் பயமில்லை" என்றனர். ஊருக்கும் அதுவே செய்தியாயிற்று.

கல்தானே, எடுத்தாயிற்றே என்று அவர் நிம்மதியாக இருந்தார். மூன்று மாதங்களில் மீண்டும் உள்ளே பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பியதைப் பிள்ளைகள் வற்புறுத்தினால் தந்தைக்கு ஐயம் எழும் என்று தள்ளிப்போட்டனர். அவர் பீடியையும் விடவில்லை. விட வேண்டிய காரணத்தை யாரும் அவரிடம் கூறவில்லையே! ஓராண்டுக்குப் பின் இரத்தம் கட்டிகட்டியாக வந்தபோது, நோய் பையின் தசைக்குள் வேரோடியிருந்தது. பையையே அகற்ற நேர்ந்தது. அன்புமிக்க பிள்ளைகள்தாம் அவர்கள். அந்த அன்பு சொன்ன ஒரு பொய்யே தந்தையின் சிறுநீர்ப்பையைப் பலிகொண்டது என்று நாங்கள் சொன்னால் அது கொடுஞ்சொல்லாகுமா? எங்களுக்கு அது உண்மையாகவே படுகின்றது.

இந்நோயின் தன்மையைச் சற்றே விளக்கினால் எங்கள் சினம் புரியும். நம் உடல் உள்வாங்கும் நச்சுப் பொருள்களுள் பலவற்றைச் சிறுநீரகங்கள் வடித்துச் சிறுநீரில் சேர்க்கின்றன. அந்நீர் வெளியேறும்வரை மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே தேங்கி நிற்கின்றது. பீடியோ சிகரெட்டோ புகைப்பவருக்கு நுரையீரல் மட்டுமின்றிச் சிறுநீர்ப்பையும் கெடுவது இவ்வாறே. மேலை நாட்டு ஆய்வுகள் இந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புகையே காரணம் என்கின்றன. சாயத் தொழிலில் கையாளப்பட்ட சில இரசாயனங்களும் காரணமாகும். 1895ஆம் ஆண்டிலேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை எடுத்துரைத்தார். புகைக்காதவருக்கும் சாயத்தைத் தொடாதவருக்கும்கூட இது வரலாம்.

நோய் உட்சவ்வோடு நிற்கும்போதே கண்டறியப்பட்டால் பையைக் காப்பாற்ற வழியுண்டு. ஆனால், எடுத்த இடத்திலோ அதற்கு அருகிலோ மீண்டும் முளைப்பது அதன் இயல்பு. ஆகவே தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் இடைவெளி நீண்டு ஆண்டுக்கணக்காகவும் கருவியால் உள்ளே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காசநோய்த் தடுப்புக்காக நம் குழந்தைகளின் தோளில் குத்தும் அதே பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நோய் திரும்புவதைத் தடுக்கும் முறையை, கனடாவில் பணியாற்றிய அல்வாரோ மொராலெஸ் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1976இல் வெளியிட்டனர். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம். அதன்பின் தொடர் தவணைகள். இத்தகைய நோயில் நோயாளியின் விழிப்பு பாதி மருந்து. தன் நோயை அறியாத ஒருவர் எதை எதிர்த்து விழித்திருப்பார்?

இனி, எங்களை மறுத்துரைப்போரிடம் வருவோம்.

"சொன்னால் மனம் உடைந்துவிடும்" என்கின்றனர். உடையும், மறுக்கவில்லை. எங்கள் நால்வர் மனமும் உடைந்தது. ஆனால், மறைத்தால் மனம் உடையாது என்று யார் சொன்னது? வீட்டில் பேச்சு நின்றுபோவதையும், மனைவி அடுக்களையில் முகம் துடைப்பதையும், வராத உறவினர் பழக்கூடையுடன் வருவதையும் நோயாளி காணாமலா இருக்கின்றார்? எங்கள் மூத்தவர் தமக்குப் புற்றுநோய் என்பதைக் காத்திருந்த அறையின் கதவுக்கு மேலிருந்த பலகையைப் படித்தே அறிந்தார். தம் சாவைப் பற்றிய செய்தியை ஒருவர் தகரப் பலகையிலிருந்து தெரிந்துகொள்வதுதான் நாம் காட்டும் கருணையா?

"ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது" என்கின்றனர். புற்றுநோய் தொற்றுநோயன்று. ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதால் அது வராது. இதை அறிந்தபின்னும் குவளையைத் தனியே வைக்கும் வீட்டில் பெண் கொடுக்காமல் போனால் இழப்பு யாருக்கு? சத்திரப்பட்டிச் சகோதரிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. உறுப்பின் பெயரைச் சொல்ல நாணி, ஏழு மாதம் 'நீர்க்கடுப்பு' என்றே மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தார். பெண்களுக்கு வரும் இரத்தப்போக்கைக் கிருமித் தொற்று என்றும் மாதவிலக்குக் கோளாறு என்றும் கொண்டு காலம் கடத்துவது உலகெங்கும் நிகழ்கின்றது. நம் நாணம் அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டுகின்றது.

"ஆண்டவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், நோயாளிகள் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது?" என்பார் சிலர். மருத்துவரை நாங்கள் மதிக்கின்றோம். ஆனால், நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர் எங்களுக்குத் தரக்கூடியது சில நிமிடங்களே. மருந்தை உள்ளே விட்டபின் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அதற்கு முந்தைய சில மணி நேரம் தண்ணீரையும் காபியையும் குறைத்துக்கொண்டால்தான் அடக்க முடியும் என்பதை எங்களுக்குள் ஒருவர் சொன்னார். அன்றிரவு குளிரும் எரிச்சலும் வரக்கூடும், ஆனால் காய்ச்சல் தணியாமல் நின்றால் விடியும்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றும் அவரே எச்சரித்தார். மருந்து சேர்ந்த முதல் சிறுநீரைக் கழித்த கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றி வைக்க வேண்டும், மதுரைப் பேருந்தில் ஏறுமுன் எங்கே இறங்கினால் சுத்தமான கழிப்பறை கிட்டும், காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் எப்போது கையில் வைத்திருக்க வேண்டும் என்பனவெல்லாம் பட்டவர் வாயிலிருந்தே கிடைத்தவை.

பையை இழந்தவருக்கோ கேள்விகள் இன்னும் மிகுதி. சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டு வயிற்றின் வலப்பக்கம் ஒரு வாய் அமைத்து, அதன்மேல் ஒட்டிய பையில் சிறுநீரை வடியச் செய்கின்றனர். வேட்டியை எங்கே கட்டுவது? தரையில் சம்மணமிட்டால் பை மடங்காதா? திருப்பலியின் நடுவே பை நிறைந்தால் என்ன செய்வது? எங்கள் மூத்தவர் இதற்கு அஞ்சியே நான்கு ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதே பையுடன் இரண்டாண்டு வாழ்ந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்று, கதவைத் தாழிட்டு, தம் சட்டையை உயர்த்திக் காட்டினார். எந்த மறையுரையும் தராத துணிவை அந்த ஒரு நொடி தந்தது. ஐந்தாம் ஞாயிறு இருவரும் வாசலோரம் அருகருகே அமர்ந்திருந்தனர்.

இன்னொரு மறுப்பில் உண்மை உண்டு. "நோயாளிகள் கூடினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக் குழப்புவார்கள்; அச்சுறுத்துவார்கள்" என்பது அது. ஒருவருடைய கட்டியும் மற்றவருடைய கட்டியும் ஒன்றன்று. எனவே எங்களுக்குள் மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். எவரும் எவருக்கும் மருந்து சொல்லக்கூடாது. லேகியமோ அற்புத எண்ணெயோ விற்பவரை அழைத்து வரக்கூடாது. இங்கே கேட்டதை வெளியில் பேசக்கூடாது. இம்மூன்றையும் காத்தால் அந்தக் குறை பெரிதும் நீங்கும்.

பட்டவர் பட்டவருக்குத் துணை நிற்பது நாங்கள் கண்டுபிடித்த புதுமையன்று. குடிநோயிலிருந்து மீள விரும்பிய இருவர் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் சந்தித்ததில் தொடங்கிய இயக்கம் இன்று உலகெங்கும் கூடுகின்றது. வயிற்றில் பை பொருத்தப்பட்டோருக்கென்றே 1975இல் மும்பையில் இந்திய ஆஸ்டமி சங்கம் தோன்றியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலிநிவாரணப் பணி, பக்கத்து வீட்டுச் சாமானியரையே தொண்டராக்கிக் கேரளமெங்கும் பரவியது. நம் தமிழ்நாட்டிலோ, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரையே விதையாக்கி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது அது. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று அன்று கேட்டவர்களும் இருந்தனர். இன்று "கூடிப் பேசி என்ன பயன்" என்போர் அவர்களுடைய வழித்தோன்றல்களே.

பங்கு மக்களாகிய நாம் இதில் எங்கே நிற்கின்றோம்? நோயாளியைச் சந்திக்க நாம் தவறுவதில்லை. ஹார்லிக்ஸ் புட்டியுடன் செல்கின்றோம்; செபமாலை சொல்கின்றோம். பிறகு வாயைத் திறக்கின்றோம். "என்ன பாவமோ" என்கின்றது ஒரு வாய். "விசுவாசம் இருந்தால் ஆபரேஷன் வேண்டியதில்லை" என்கின்றது மற்றொரு வாய். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது அவரருகே தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். பேசத் தொடங்கியபின்தான் பாரமாயினர். பிறவிக் குருடரைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீடருக்கு ஆண்டவர் அளித்த மறுமொழியை வாசிக்கக் கேட்டும் நாம் இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றோமே!

நாங்கள் கேட்பது சிறிது. மாதம் ஒருநாள், மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின், பங்கில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள்; கழிப்பறை அருகில் இருக்கட்டும். யாருக்கேனும் இந்நோய் என்று அருட்தந்தையர் அறிய நேர்ந்தால், அவர் இசைவைப் பெற்று, முன்பே அவ்வழி நடந்த ஒருவரை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1993 முதல் பிப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் தினமாகக் கொண்டாடுகின்றோம். அன்று எங்களை வரிசையில் அமர்த்தி மந்திரிப்பதோடு நில்லாமல், எங்களுள் ஒருவரை எழுந்து பேசவும் விடுங்கள். குடும்பத்தாரே, உண்மையைச் சொல்ல நா எழவில்லையெனில் மருத்துவரைக் கொண்டு சொல்லுங்கள். அருகில் இருந்து கையைப் பற்றிக்கொள்ளுங்கள். ஆடவரே, பெண்டிரே, சிறுநீரில் ஒரே ஒருமுறை இரத்தம் கண்டாலும், அது தானே நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் செல்லுங்கள்.

நால்வர் என்றோம். இன்று மூவரே இருக்கின்றோம். மூத்தவர் சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார். இறுதி மாதங்களில் வாரம் தவறாமல் அவர் கட்டிலருகே அமர்ந்தோம். அவர் சாவைப் பற்றிப் பேசினார், நூற்பாலையைப் பற்றிப் பேசினார், சிரிக்கவும் செய்தார். தம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் நோயின் பெயரை அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "படிக்கிறவன் ஒருத்தன் போய்ப் பார்த்துக்கிட்டாலும் போதும்" என்றார். சுவரொட்டியில் "சிறிது காலம் உடல்நலமின்றி இருந்து" என்றே இருந்தது.

அவர் குடும்பத்தாரின் விருப்பத்தை மதித்து அவர் பெயரை நாங்களும் இங்கே எழுதவில்லை. நோயின் பெயரை எழுதிவிட்டோம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அவர் கேட்டதில் பாதியையேனும் செய்துவிட்டோம். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.