பழங்கதையும் புதுப்படமும்

உயர்தர வகுப்பிற் கம்பராமாயணப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பெருவீரர் படங்கள் தாம் எடுத்துக்கொண்ட கதைகளையே சிதைப்பன என்று யான் இடையே ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். உடனே மாணவனொருவன் எழுந்து, “ஐயா, வான்மீகியார் கதையைக் கம்பர் மாற்றலாம்; இவர்கள் மாற்றலாகாதோ?” என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்கு விடை தோன்றவில்லை. பழித்த படங்களுள் ஒன்றையேனும் அதுவரை யான் பார்த்ததில்லை என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் முறை.

விடுமுறையிற் சிலவற்றைப் பார்த்தேன். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் சிலர், தமிழாசிரியனுக்கு இஃதொரு வேலையோ என்று நகைப்பர். நகைக்க.

மாற்றம் குற்றமன்று என்பதை அம்மாணவனுக்கு முதலிலேயே விட்டுக்கொடுத்தல் வேண்டும். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றி எடுத்துச் செல்கின்றான். கம்பரோ, அவன் அவளைத் தீண்டாது சாலையை நிலத்தொடும் பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். அம்மாற்றத்தை அவர் அவ்விடத்தே மறந்துவிடவில்லை. காண்டம் ஒன்று கடந்தபின், இலங்கையினின்று மீண்ட அனுமன், இளையவன் புல்லால் அமைத்த அச்சாலையிலேயே பிராட்டி இருக்கின்றாள் என்று இராமனிடம் கூறுகின்றான். அச்சொல்லில் இராமனுக்கு எத்துணை ஆறுதல் அடங்கியுள்ளது! தாம் மாற்றியதன் பாரத்தைக் கம்பர் இறுதிவரை சுமந்தார்.

இனிச் சூப்பர்மானை நோக்குவோம். 1938 இல் தோன்றிய இவ்வீரன், பல்லாண்டுகளாகக் கொலை செய்யா நெறியினனாகவே வாசகர் உள்ளத்தில் நிலைத்தவன். 2013 இல் வந்த ‘மேன் ஒவ் ஸ்டீல்’ என்னும் படத்தில், ஒரு குடும்பத்தை எரிக்க முற்பட்ட சோட் என்பவனைக் கழுத்தை முறித்துக் கொல்கின்றான், கொன்றபின் அலறுகின்றான். ஈதொரு பெரிய மாற்றம்; துணிவான மாற்றமுங்கூட. ஆயின், அடுத்த காட்சியிலேயே, தன்னைத் தொடர்ந்த படைத்துறை வேவுவிமானத்தை வீழ்த்தித் தளபதியொருவருடன் வேடிக்கையாக உரையாடுகின்றான். அலறல் எங்கே போயிற்று? கொலையைக் கதைக்குட் கொணர்ந்தவர், அதனைச் சுமக்க ஒருவரையும் வைத்திலர்.

மாற்றாமையாலும் பிழை நேர்தல் உண்டு. 1994 இல் வந்த ‘லயன் கிங்’ சித்திரப்படத்தை 2019 இல் மீண்டும் எடுத்தோர், கதையைப் பெரும்பாலும் இருந்தவாறே விட்டு, கணினியால் மெய்ச்சிங்கங்களைப் போலவே உருக்களை அமைத்தனர். பிடரிமயிர் ஒவ்வொன்றும் அசைகின்றது. தந்தையின் உடலருகே குட்டி நிற்கும் இடத்தில், அன்று வரைந்த முகம் அழுதது. இன்றைய முகத்துக்கு அழத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் அடுத்த தவணையில் வகுப்பிற் கூறினேன். வினாவிய மாணவன் உடன்பட்டானல்லன். சிலர் ஒருமுறை அலறிவிட்டுப் பின் வாளா இருப்பர்; அதுவும் சுமத்தலே என்றான். சிங்கத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.