பாட்டில்லாத ராத்திரி



மழைக்காலம் தொடங்கினால் போதும், உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: 'வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல த்ரில்லர் படம் சொல்லுங்களேன்.' கொரியப் படம், ஸ்பானிஷ் தொடர் என்று அடுக்க நம் அலுவலகத்து இளைஞர்கள் தயார். என்னைக் கேட்டால், வீணை எஸ். பாலசந்தரிடம் ஆரம்பியுங்கள் என்பேன்.

அவர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாத படம்! முதல் வெளியீட்டில் சரியாக ஓடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினீயராக வரும் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறார். ஆகவே சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு உட்காருங்கள். பிறகு விசாரணை. மனைவி, சகோதரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் வேறொரு சிவாஜி. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார்.

முடிவு தெரிந்த பிறகு விசாரணைக் காட்சிகளை மட்டும் இன்னொரு தடவை ஓடவிடுங்கள். யார் முகம் அப்போதே என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரியும். கொட்டகையில் இந்த வசதி ஏது?

பத்து வருஷம் கழித்து வந்த 'பொம்மை'யில் பாலசந்தர் நேர் எதிராகச் செய்தார். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஒருவரைக் கொல்லப் பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மை தொலைந்து கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது ரசிகனுக்குத் தெரிந்தால்தான் பதற்றம் என்று ஹிட்ச்காக் சொல்வாரே, அதேதான். யேசுதாஸ் தமிழில் முதலில் அறிமுகமானதும் இந்தப் படத்தின் பாட்டில்தான். கடைசியில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் பாலசந்தரே திரையில் அறிமுகம் செய்துவைப்பார், எழுந்து போய்விடாதீர்கள்.

'நடு இரவில்' (1970) மூன்றாவதாகப் பார்த்தால் போதும். தீவு பங்களா, கூடியிருக்கும் உறவினர்கள், ஒவ்வொருவராகச் சாவு. அகதா கிறிஸ்டி படித்தவர்களுக்கு வாசனை சட்டென்று பிடிபட்டுவிடும். அதற்குப் பின் அவர் வீணையோடே இருந்துவிட்டார். கர்நாடக இசைக்கு லாபம். நமக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

பார்க்கும்போது செல்போனை வேறு அறையில் வையுங்கள். ஏற்கெனவே பார்த்த சித்தப்பா யாராவது இருந்தால், அவரையும்.

அடுத்த இதழில் எண்பதுகளுக்கு வரலாம் என்றிருக்கிறோம். மணிவண்ணனின் 'நூறாவது நாள்' முதலிலா, பாலுமகேந்திராவின் 'மூடுபனி' முதலிலா என்று இங்கே இரண்டு கட்சி. உங்கள் ஓட்டை அஞ்சலட்டையில் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்