கொழும்புக்குத் தனியாகப் போகும் அக்காவுக்கு

கிளினிக் துண்டில் 'மகரகம' என்று எழுதியிருக்கும். அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த அக்காமாரைக் கிளிநொச்சியிலும் கண்டிருக்கிறேன், புதுக்குடியிருப்பிலும் கண்டிருக்கிறேன். நோய்க்குப் பயந்தவர்கள் சிலர்தான். பலர் பயந்தது கொழும்புக்கு. "ஆரோடை போறது, எங்கை நிக்கிறது, ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாது" என்பார்கள். புற்றுநோய் நாங்கள் துணை தேடி முடிக்கும்வரை காத்திருக்காது. அதனால்தான் இம்மாதப் பக்கத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறேன்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாஸ் இல்லாமல் ஓமந்தையைத் தாண்ட முடியாது. 2007 யூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இவற்றையெல்லாம் கண்டவர்களிடம் 'பயப்படாதே' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் இப்போது பாஸ் தேவையில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியும் 2015இல் மூடப்பட்டது. அடையாள அட்டை கையில் இருந்தால் போதும்.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கொழும்புக்கு உண்மையில் போகத்தான் வேண்டுமா? தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே செய்யக்கூடிய சிகிச்சையா என்று டொக்டரிடம் கேட்பதில் வெட்கமில்லை. கடவுச்சீட்டுக்கும் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டாம், வவுனியாவிலேயே அலுவலகம் உண்டு. 2025இல் யாழ்ப்பாணத்திலும் திறந்திருக்கிறார்கள். 'நான் எடுத்துத் தாறன்' என்று வரும் தரகரிடம் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள்.

போகத்தான் வேண்டுமென்றால், விடியப்புறம் அல்லது பகலில் போய்ச் சேரும்படி புறப்படுங்கள். இருட்டின பிறகு புறக்கோட்டையில் இறங்கி வழி தேடுவது ஆணுக்கும் கரைச்சல்தான். ரெயின் நேரம் அடிக்கடி மாறுவதால் முதல்நாளே ஸ்டேசனில் விசாரியுங்கள். கோட்டை ரெயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் முன்வீதியில் 138 இலக்க பஸ் வரும். நுகேகொடை தாண்டி மகரகமவுக்குப் போவது அதுதான். பெயர்ப்பலகை வாசிக்க முடியாவிட்டாலும் இலக்கத்தை வாசிக்கலாமே. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் காலி வீதியால் போகும் 100 அல்லது 101 இல் ஏறுங்கள். அந்தப் பக்கம் கடைகளில் தமிழிலேயே கதைக்கலாம்.

வைத்தியசாலையின் இன்றைய பெயர் 'அபேக்ஷா'. ஆனாலும் கொண்டக்டரிடம் 'மகரகம ரோஹல' என்றால் விளங்கும். 'கீயத' என்றால் எவ்வளவு, 'மெதன பஹினவா' என்றால் இங்கே இறங்குகிறேன். இவற்றைவிட எனக்குப் பிடித்தது, 'தெமள தன்ன கெனெக் இன்னவாத?' தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வி. வைத்தியசாலை வரிசையில் இதை உரத்துக் கேளுங்கள். மலையகத்துப் பிள்ளையோ முஸ்லிம் அக்காவோ யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1987இலேயே சட்டத்தில் எழுதியாயிற்று. விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காமல் தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

ஓட்டோ என்றால் மீற்றர் உள்ளதில் ஏறுங்கள், இல்லாவிட்டால் ஏறமுன் விலை பேசுங்கள். காசை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். திரும்பி வரும் பஸ் காசைத் தொடவே வேண்டாம். கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்கள் எல்லாம் மடியில் இருக்கும் பையில், மேல்தட்டில் வேண்டாம். அடையாள அட்டையின் ஒரு கொப்பியை வீட்டில் விட்டுப் போங்கள். தெரிந்த தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியிலும் எழுதுங்கள், போனின் சார்ஜ் இறங்கினால் அந்தக் கடதாசிதான் துணை.

பஸ்ஸில் யாராவது உரசினால் தலையைக் குனிய வேண்டாம், எழும்பிச் சத்தம் போடுங்கள். சத்தத்துக்குச் சிங்களம் தேவையில்லை. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இரவு தங்க வேண்டி வந்தால் புறப்படமுன்னரே இடத்தை ஒழுங்கு செய்யுங்கள். மகரகம வைத்தியசாலையைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நோயாளரோடு வருவோருக்கு அறை கொடுக்கும் வீடுகள் உண்டு. ஏற்கெனவே போய்வந்த ஒரு அக்காவிடம் கேட்டால் எது நல்ல வீடு என்று சொல்லுவா. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பிடியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் துண்டையும் கையோடு கொண்டு போங்கள், திகதி தாண்டியிருந்தாலும் பரவாயில்லை.