பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்



ஓகஸ்ட் விடுமுறை வந்தால் ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலிருந்து பஸ்களும் வான்களும் திருகோணமலைக்குப் புறப்படுகின்றன. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, கடைசியில் நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவு. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்காவான தீவு. மலையகப் பிள்ளைகள் கடலுயிர்களை நேரில் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமில்லாத நீரிலேயே ஓடுவதைக் கண்டு எங்கள் மாணவர்கள் துள்ளினார்கள்.

ஆனால், நீந்தத் தெரியாதவர்கள் மூச்சு வாங்குவதற்குக் கால் ஊன்றியது பவளத்தின் மேல். மான்கொம்பு போன்ற கிளைகள் செருப்புக்கடியில் நொறுங்கின. பவளம் உயிருள்ளது, முறிந்தால் மீள ஆண்டுக்கணக்காகும் என்று படகில் ஏற்றியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிரிஸ்ஸ பக்கம் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு 2012இலேயே தனி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதே அக்கறையைப் பவளப்பாறைக்கும் காட்டி, படகேறுமுன் தமிழிலும் சிங்களத்திலும் ஐந்து நிமிட விளக்கத்தை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் கட்டாயமாக்க வேண்டும். ஒரே நேரத்தில் தீவில் இறங்குவோர் தொகைக்கும் கண்டிப்பான வரம்பு வேண்டும்.

நமக்கும் பொறுப்புண்டு. நானுஓயாத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக்குடாவுக்குத்தான் போகிறது. லயத்துக் கானில் வீசும் பொலித்தீன் பையும் அதே வழியில் போகக்கூடும். சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்கள் புறப்படும் முன் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்.