கழித்துக்கட்டிய டிஸ்க்குகளுக்கு யார் கணக்கு?

அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் 2016இல் இரண்டு தரவு மையங்களை மூடியபோது, அங்கிருந்த சர்வர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் அகற்றும் வேலையைச் சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. தரவு அழிப்பில் அதற்கு அனுபவமே கிடையாது. ஆயிரக்கணக்கான சாதனங்களை அது வேறொருவருக்கு விற்க, அவை கைமாறி இணைய ஏலத்துக்கு வந்தன. 2017இல் அப்படிச் சில டிஸ்க்குகளை வாங்கிய ஐடி ஆலோசகர் ஒருவர், உங்கள் தரவு என் கையில் இருக்கிறது என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதினார். விற்கப்பட்டவற்றில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2022 செப்டம்பரில் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

அதே ஆணையின் இன்னொரு பகுதி நம்மை அதிகம் உறுத்துகிறது. கிளை அலுவலகங்களில் மாற்றப்பட்ட 42 சர்வர்களைக் காணவில்லை. தரவை மறையாக்கம் செய்யும் வசதி அந்தச் சாதனங்களில் இருந்தது. பல ஆண்டுகளாக யாரும் அதை இயக்கவில்லை.

தொழில்நுட்பம் இல்லாததால் இது நடக்கவில்லை. எந்த டிஸ்க் எப்போது யாரிடம் போனது, அழித்ததை யார் சரிபார்த்தார் என்று கேட்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லாததால் நடந்தது. அழிப்புக் கொள்கை எழுத்தில் வேண்டும் என்பது இதற்காகத்தான். சீரியல் எண் வாரியாகக் கையொப்பம் இல்லாத அழிப்புச் சான்றிதழை நாம் ஏற்கவே கூடாது.

முறையையும் கொள்கையே சொல்லிவிட வேண்டும். காந்தப்புலத்தால் அழிக்கும் கருவி எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. மேலெழுதினாலும் அதன் எல்லா நினைவகப் பகுதிகளையும் எட்ட முடியாது. சாதனத்தின் சொந்த அழிப்புக் கட்டளையோ, மறையாக்கச் சாவியை அழிப்பதோ, தூளாக்குவதோதான் வழி. பேக்கப் டேப், வாடகை ஜெராக்ஸ் இயந்திரத்தின் டிஸ்க், வாரண்டியில் திருப்பி அனுப்பும் பழுதான டிஸ்க் ஆகியவை அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அடுத்த பழைய சாமான் ஏலத்துக்கு முன், உங்கள் சொத்துப் பதிவேட்டையும் கிடங்கில் கிடக்கும் டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவராதவரை ஒரு டிஸ்க்கையும் வாசல் தாண்ட விடாதீர்கள்.